ஏழாம் எண் வேப்பமரம்

செந்தளிர் நகரில் எண்பத்திரண்டு வீடுகள் இருந்தன, எண்பத்திரண்டிலும் மொட்டைமாடியிலிருந்து இறங்கி மண்ணுக்குள் போகிற மழைநீர்க் குழாய் இருந்தது, அந்தக் குழாய்க்குக் கீழே இருக்க வேண்டிய குழி மட்டும் ஒரு வீட்டிலும் இல்லை. இதில் ரகசியம் எதுவும் கிடையாது. மாடிக் குழாயின் முனையில் ஒரு நாலடிக் குழாயை மாட்டி, ஒன்றரை அடியை மண்ணுக்குள் நட்டு, சுற்றிலும் செங்கல்லை வட்டமாக அடுக்கி, சுண்ணாம்பு அடித்து, பக்கத்தில் வீட்டுக்காரர் கைகட்டி நின்று படம் எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது. படம் கேட்டவர்களுக்கும் அது தெரியும், படம் கொடுத்தவர்களுக்கும் தெரியும், மழைக்கு மட்டும்தான் தெரியாது. அது வருஷா வருஷம் எங்களை நம்பிக் குழாய்க்குள் இறங்கி, போக வழியில்லாமல் மேலே ஏறி வந்து வாசலில் நிற்கும், நாங்களும் கால்சட்டையை மடித்துக்கொண்டு அதைத் தாண்டி வேலைக்குப் போவோம்.

அன்னூர் சாலையில் எங்கள் நகர் உருவானபோது பன்னிரண்டாம் எண் மனையில் வீடு கட்டியவர் நாச்சிமுத்து. நூற்பாலை ஒன்றில் முப்பத்தோரு வருஷம் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்ட ஃபோர்மேன், ஆலையிலிருந்து ஒரு வாஷரைக்கூட வீட்டுக்குக் கொண்டு வராத மனிதர், ஒரு திருகு ஒரு நூல் தளர்ந்திருந்தாலும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஆனால் படிவம் என்று வந்துவிட்டால் அவரும் எங்களைப் போலத்தான். இரும்புக்கு உண்மையாக இருக்க வேண்டும், படிவத்துக்கு எதற்கு உண்மை என்பது எங்கள் எல்லோருடைய எண்ணமாகவும் இருந்தது, எங்கள் அப்பன்மார்களும் அப்படித்தான் எழுதினார்கள்.

இலைக் கணக்கில் தரம் போடுகிற பசுமை வீட்டுச் சான்று வாங்கித் தருவதாக வந்த ஆலோசகன் பிரணவ், சின்ன வயசு, காதில் ஏதோ ஒன்றை மாட்டிக்கொண்டு காற்றோடு பேசுகிறவன். அவன் மடியில் கணினியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டான். வீட்டில் வசிப்பவர்கள் எத்தனை பேர் என்றான். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, ஆகவே நாச்சிமுத்துவும் அவர் மனைவி தெய்வானையும் இரண்டு பேர், ஆளுக்கு ஐம்பத்தைந்து லிட்டர். அது ஒன்றுதான் அந்தப் படிவத்திலேயே உண்மை. குழியின் கொள்ளளவு பன்னிரண்டாயிரம் லிட்டர் என்று எழுதினார்கள். மேற்குச் சுவர் வெயில் ஏறாத இரட்டைச் சுவர், நடுவில் காற்று என்று எழுதினார்கள், கட்டியதோ ஒற்றைச் சுவர். சூரியத் தகடுகள் நான்கு, இருந்தது இரண்டு. ஏ.சி. இல்லை என்றார்கள், அது படுக்கையறையில் கேட்டுக்கொண்டே ஓடிக்கொண்டிருந்தது.

"மரம் எத்தனை அங்கிள்?"

"ரெண்டு வெச்சிருக்கறனுங்க தம்பி. ஒரு தென்னை, ஒரு கொய்யா."

"ரெண்டுக்கு நாலு இலைதான் வரும். பதினொண்ணு இருந்தா அஞ்சு இலை."

"அப்பப் பதினொண்ணு எழுதிக்குங்க. மிச்சம் ஒம்போதும் வெக்கறதுதானுங்களே, எங்க போயிரப் போகுது."

வேம்பு, புங்கன், மா என்று மூன்றிலிருந்து பதினொன்றுவரை எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தினம் மாலை ஐந்து மணிக்கு இருபது லிட்டர் என்று எழுதினார்கள். குழாயைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்றவள், அந்த வீட்டுக்குச் செங்கல் சுமந்த சித்தாள் மாரக்கா. நகருக்குப் பின்னால் கட்டட வேலைக்காரர்களின் தகரக் கொட்டகைகளில் ஒன்றில் அவள் இருந்தாள். படம் எடுத்து முடிந்ததும், "குழி எப்பங்க வெட்டறது?" என்று வெள்ளந்தியாகக் கேட்டாள், எல்லோரும் சிரித்தோம்.

ஐந்து இலை பொறித்த பித்தளைப் பலகை ஒரு புதன்கிழமை வந்தது. நாச்சிமுத்து அதை வாசல் தூணில் வைத்து, மட்டம் பார்த்து, இரண்டு திருகுகளால் முடுக்கினார். வியாழக்கிழமை காலையிலிருந்து வீடு அந்தப் படிவத்தின்படி நடக்கத் தொடங்கியது.

முதலில் மேற்குச் சுவர். சித்திரை வெயிலில் மூன்று மணிக்குத் தோசைக்கல்லாகக் கொதிக்கும் அந்தச் சுவர், அன்றைக்குக் கையை வைத்தால் பானையின் அடிவயிறு போலக் குளிர்ந்து கிடந்தது. பிறகு ஏ.சி.; அது சுவரில் தொங்கியது, ஆனால் இல்லாமல் தொங்கியது, பொத்தானை அழுத்தினால் வருஷம் முடிந்த காலண்டரைப் பார்ப்பது போலத்தான் அதைப் பார்க்க முடிந்தது. மொட்டைமாடியில் இல்லாத இரண்டு தகடுகளின் நிழல் நீளமாக விழுந்து தெய்வானை காயப்போட்டிருந்த வடகம் ஊசிப்போனது, ஆனால் மின்கட்டண அட்டையில் நான்கு தகடுகளின் வெளிச்சமும் வரவாகியிருந்தது. இல்லாத குழியில் பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் நின்றது. ஆழ்துளைக் கிணறு ஆறு மாதமாக வெறும் காற்றைத்தான் கக்கிக்கொண்டிருந்தது, ஆனாலும் குழாயைத் திறந்தால் மழைத்தண்ணீர் வந்தது, ஆளுக்கு ஐம்பத்தைந்து லிட்டர், ஒரு சொம்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாலை ஐந்து மணியானால் காலி முற்றத்தில் ஒன்பது இடங்களில், தலைக்கு ஒரு முழம் மேலே, வெறும் காற்றிலிருந்து பூவாளியில் ஊற்றுவது போலத் தண்ணீர் கொட்டும், இருபது லிட்டர் முடிந்ததும் நின்றுவிடும். இல்லாத மரங்கள் செழிப்பாகத்தான் இருந்தன.

நாங்கள் ஆச்சரியப்பட்டோமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எதற்கு ஆச்சரியப்பட வேண்டும்? படிவத்தில் எழுதியது நடந்திருக்கிறது, முறைப்படி விண்ணப்பித்தால் நடக்கத்தானே வேண்டும் என்றார் எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜெகநாதன். எங்களுக்கு இருந்ததெல்லாம் பொறாமை. அந்த மாதமே அறுபது வீடுகள் பிரணவைப் பிடித்தன. எழுபதாம் எண் பேராசிரியர் தன் வீட்டில் சமையல் முழுக்கச் சாண எரிவாயுவில் நடப்பதாகவும் அதற்கு இரண்டு மாடுகள் இருப்பதாகவும் எழுதினார், எரிவாயு வந்தது, ஆனால் தினமும் விடிந்தால் வரவேற்பறையில் இரண்டு மாட்டுச் சாணம் கிடந்தது, கண்ணுக்குத் தெரியாத ஒன்று அவருடைய துண்டை வேறு மென்றுவிட்டது. நான் எங்கள் வீட்டில் எட்டு மணிக்கெல்லாம் விளக்கணைத்துப் படுத்துவிடுவோம் என்று எழுதித் தொலைத்தேன், அன்றிலிருந்து என் மனைவி எந்தத் தொடரின் முடிவையும் பார்த்ததில்லை, அதற்காக என்னோடு பேசுவதும் குறைந்துவிட்டது. ஆனாலும் யாரும் பலகையைக் கழற்றவில்லை. மனை விலை ஏறிக்கொண்டிருந்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளும் கட்டடக் கலை மாணவர்களும் பேருந்தில் வந்து பன்னிரண்டாம் எண் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள், நாச்சிமுத்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு குளிர்ந்த சுவரைத் தொட்டுக் காட்டினார்.

தெய்வானை மட்டும் ஒன்பது குடங்களை ஒன்பது இடங்களில் வைத்தாள். இல்லாத மரத்துக்கு ஊற்றுவதைக் கொட்டகைப் பெண்களாவது கொண்டுபோகட்டும் என்றாள். மாரக்கா ஐந்தரை மணிக்கு வந்து குடங்களை எடுத்துப் போவாள்.

ஆடி கழிந்து, வளைகாப்பு முடிந்து, மகள் மௌனிகா ஒன்பதாம் மாதத்தில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தாள். காரிலிருந்து இறங்கி, ஆரத்தி எடுத்து உள்ளே வந்து, முகம் கழுவக் குழாயைத் திறந்தாள், தண்ணீர் நின்றது. தெய்வானை வந்து திறந்தாள், வந்தது. மௌனிகா கையை நீட்டினாள், நின்றது. கூடத்தில் உட்கார்ந்தாள், தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டது. தெய்வானை தன் பங்குத் தண்ணீரை வாளியில் பிடித்து மகளிடம் கொடுத்தாள், மகள் சொம்பை விட்டதும் வாளி காய்ந்து கிடந்தது.

"அப்பா, இந்த ஊட்டுக்கு என்னை அடையாளந் தெரியலையா?" என்று மௌனிகா கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனால் வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தாள்.

நாச்சிமுத்து பிரணவைக் கூப்பிட்டார். ஆளைக் கூட்டி எழுதினால் இலை குறையும் என்றான் அவன். கூரையின் பரப்புக்கு இரண்டு பேர்தான் தாங்கும், மூன்றென்றால் மூன்று இலை, நான்கென்றால் ஒன்று.

"ஒறம்பரைன்னு எழுத முடியாதுங்களா தம்பி? வந்துட்டுப் போற புள்ளைதானுங்களே."

"விருந்தாளிக்குக் கட்டமே இல்லை அங்கிள். ஆனா பேர் மாத்தம் செய்யலாம். எண்ணிக்கை மாறக் கூடாது, அவ்வளவுதான்."

சங்கம் கூடியது. லாரித் தண்ணீர் வாங்கலாமே என்று யாரோ சொன்னார்கள், ஐந்து இலை வீட்டு வாசலில் தண்ணீர் லாரி நிற்பதை ஒருவன் படம் எடுத்துப் போட்டால் எண்பத்திரண்டு வீட்டின் மானமும் போகும் என்று ஜெகநாதன் தடை போட்டார். கடைசியில் நாச்சிமுத்துவே எழுந்து, தன் பெயரை எடுத்துவிட்டு மகளின் பெயரை எழுதச் சொல்கிறேன் என்றார். நாங்கள் கைதட்டினோம். ஒருவர் பொன்னாடைகூடப் போர்த்தினார். மகளுக்காகச் சொந்த வீட்டிலேயே இல்லாமல் போன தகப்பன் என்று ஜெகநாதன் பேசியபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை.

இரண்டு இலையை விட்டுக்கொடுத்திருந்தால் போதும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியவள் தெய்வானை ஒருத்திதான், அவளைச் சங்கத்துக்கு யாரும் கூப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து நாச்சிமுத்துவுக்குக் குழாயில் தண்ணீர் இல்லை, அவர் நடந்தால் விளக்கு அணைந்தது, நாற்காலியில் உட்கார்ந்தால் ஃபேன் நின்றது. அவர் கட்டிலை எடுத்து வெளி வராந்தாவில் போட்டுக்கொண்டார். மாலை ஐந்து மணிக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் ஏழாம் எண் இடத்தில் போய் நிற்பார். படிவத்தில் அது வேம்பு. இருபது லிட்டர் தலையில் விழும், சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொள்வதற்குள் பாதி போய்விடும், பல நாள் காதுக்குப் பின்னால் நுரையோடு வந்து எங்களோடு பேசிக்கொண்டிருப்பார். பார்க்க வருகிறவர்களிடம், "நமக்கென்னங்க, ஒரு மரம் குடிக்கற தண்ணி போதாதுங்களா?" என்பார், மாணவர்கள் அதை எழுதிக்கொள்வார்கள். கொஞ்ச நாளில் அவர் ஏழாம் இடத்தைவிட்டு அதிகம் நகர்வதில்லை, நின்று பழகிவிட்டது என்றார்.

ஆவணி கடைசியில் மௌனிகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது, செவிலியர்கள் எண்ணாமல் ஊற்றினார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் வந்தது, பெயர் இருந்ததே. தெய்வானை குளியலறையில் மணை போட்டுக் கால் நீட்டி உட்கார்ந்து, பேத்தியைக் காலில் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, சொம்பை எடுத்தாள். வாளி காய்ந்திருந்தது. குழாயைத் திறந்தாள், அது ஒரு சொட்டு விட்டு, யாரைக் காலில் போட்டிருக்கிறாள் என்று பார்த்ததுபோல, நின்றுவிட்டது.

"எம்பட பேர எடுத்துப்போட்டு கொழந்தை பேர எழுதச் சொல்லுங்க," என்றாள் தெய்வானை, ஈரமில்லாத குளியலறையிலிருந்து.

அதற்கும் வழியில்லை. அவர்கள் வழக்கத்தில் பெயர் வைப்பது மூன்றாம் மாதம், மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வக் கோயிலில். படிவத்தில் பெயர் இல்லாத கட்டத்தைக் கணினி ஏற்றுக்கொள்ளாது என்று பிரணவ் சொன்னான், வருத்தத்தோடுதான் சொன்னான்.

ஆகவே எண்ணெய் தேய்த்த பேத்தியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தெய்வானை ஐந்து மணிவரை காத்திருந்தாள், பிறகு முற்றத்தில் பத்தாம் எண் இடத்தில், இல்லாத மாமரத்துக்குக் கீழே, மணையைப் போட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் வெயிலில் காய்ந்த இளஞ்சூட்டில் விழுந்தது. குழந்தை வீறிட்டது. தெருவே மதில் மேல் நின்று வேடிக்கை பார்த்தது, நானும்தான். தினமும் இப்படி என்றானது. காற்றடித்தால் தண்ணீர் விலகி விழும், தெய்வானை காலோடு சேர்த்துக் குழந்தையையும் இழுத்துக்கொண்டு அதன் பின்னால் நகர்வாள். எட்டாம் நாள் குழந்தைக்குச் சளி பிடித்தது, மார்பில் கொறகொறவென்று சத்தம் கேட்டது. ஃபேன் அந்தப் பிஞ்சுக்குச் சுற்றாது, மௌனிகா ஓலை விசிறியால் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், மூன்று வேளையும் தகப்பனோடு பேசாமல்.

பத்தாம் நாள் சம்பந்தியம்மா பேத்தியைப் பார்க்க வந்தாள். ராஜாமணி என்று பெயர், பல்லடத்துப் பக்கம் தோட்டக்காரக் குடும்பம், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. வெட்டவெளியில் காற்றிலிருந்து விழுகிற தண்ணீரில் சளி பிடித்த குழந்தை குளிப்பதை வாசலில் நின்றபடியே பார்த்தாள், கொண்டுவந்த தூக்குப்போசியைக் கீழேகூட வைக்கவில்லை.

"ஏனுங்க சம்பந்தி, எங்கூட்ல வர்றது உப்புத் தண்ணிதான். தலை முடி கொட்டும், பருப்பு வேகாது. ஆனா பொறந்த கொழந்தைய எண்ணாத ஊடு எங்குளுது இல்லீங்க. நாளைக்குச் சாயங்காலம் காரு கொண்டாறேன், ரெண்டு பேரையும் அனுப்பி வெச்சுருங்க."

தெய்வானை குழந்தையைத் துவட்டித் துணியில் சுற்றினாள். மூன்று மாதம் மகளும் பேத்தியும் தன்னிடம் இருப்பார்கள் என்று அவள் தை மாதத்திலிருந்தே நாள் எண்ணியவள், மகளுக்கென்று ஒதுக்கிய அறைக்கு மஞ்சள் வர்ணம் அடிக்கச் சொன்னவளும் அவள்தான். ராஜாமணி போனதும் அவள் ஏழாம் இடத்துக்கு எதிரே வந்து நின்றாள்.

"அந்தப் பலகைய எடுத்துருங்க."

"நாளைக்குச் சான்று குடுக்கற மன்றத்துல இருந்து வந்து பாக்கறாங்க தெய்வான. ஆறாவது எல தர்றதாப் பேச்சு. ஊருக்கே பேரு. அது முடிஞ்சுரட்டும்."

"நாளைக்குப் புள்ளை போயிருவா."

நாச்சிமுத்து மேலே பார்த்தார், அன்றைய தண்ணீரின் கடைசிச் சொட்டுகள் விழுந்துகொண்டிருந்தன. தெய்வானை நனையாமல் இரண்டு எட்டு பின்னால் போய் நின்றாள், பிறகு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மாலை மதிப்பீட்டாளர் வந்தார். தடித்த கண்ணாடி, கையில் அட்டை, எழுத்தை மட்டும் பார்த்துப் பழகிய கண். நாங்கள் மாவிலைத் தோரணம் கட்டி, பேருந்தளவு கூட்டத்தோடு நின்றோம். தெருவோரத்தில் ராஜாமணியின் கார் கதவு திறந்து நின்றது, மௌனிகாவின் பெட்டி ஏற்கெனவே உள்ளே போயிருந்தது, புறப்படுவதற்கு முன்னால் குழந்தையைக் கடைசியாக ஒருமுறை குளிப்பாட்டி அனுப்புகிறேன் என்று தெய்வானை பத்தாம் இடத்தில் மணை போட்டிருந்தாள்.

மதிப்பீட்டாளர் சுவரைத் தொட்டார், தகடுகளின் நிழலை எண்ணினார், குழாயருகில் காதை வைத்து இல்லாத குழியில் தண்ணீர் தளும்புவதைக் கேட்டு மகிழ்ந்தார். பிறகு மரங்களுக்கு வந்தார். தென்னைக்கும் கொய்யாவுக்கும் குறி போட்டார். மூன்று முதல் ஆறு வரை ஜெகநாதன் ஏதோ பேசி ஒப்பேற்றினார்.

"ஏழு. வேம்பு."

அங்கே நாச்சிமுத்து துண்டோடு நின்றிருந்தார். மதிப்பீட்டாளர் அவரை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார், அட்டையில் குனிந்தார். "ஏழு, வேம்பு. நல்ல வளர்ச்சி," என்று எழுதினார். வெட்கத்தோடு சொல்ல வேண்டுமென்றால், நாச்சிமுத்துவின் முகத்தில் அப்போது கொஞ்சம் பெருமைகூடத் தெரிந்தது.

எட்டும் ஒன்பதும் போயின.

"பத்து. மா." மதிப்பீட்டாளர் தெய்வானையின் காலில் கிடந்த குழந்தையைப் பார்த்தார். அது இருமியது. அவர் உதட்டைப் பிதுக்கினார். "கன்னு வலு பத்தலை. இது பிழைக்காது. பிடுங்கிட்டு வேற நல்லதா ஒண்ணு நட்டுடுங்க," என்று சொல்லிக்கொண்டே எழுதத் தொடங்கினார்.

தெய்வானையின் கை நின்றது. அவள் மதிப்பீட்டாளரைப் பார்க்கவில்லை, தன் புருஷனைப் பார்த்தாள்.

நாச்சிமுத்து ஒன்றரை மாதத்தில் முதல்முறையாக ஐந்து மணிக்கு ஏழாம் இடத்தைவிட்டு நகர்ந்தார். கால்கள் சரியாக வரவில்லை, நின்றே இறுகிப்போயிருந்தன. பின்னால் அவருடைய இருபது லிட்டர் சும்மா தரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

"அது மரமில்லீங்க," என்றார். "எம் பேத்தி. நானும் மரமில்லீங்க. இங்க ஒம்போது மரமும் இல்லீங்க. அந்தக் கொழாய்க்குக் கீழ குழியும் இல்ல. எல்லாம் நான் எழுதுனதுங்க."

"சார், அதையெல்லாம் இப்ப எதுக்குச் சொல்றீங்க?" என்றார் மதிப்பீட்டாளர், உண்மையிலேயே புரியாமல். "நான் குறி போட்டுட்டேனே."

ஜெகநாதன் ஓடிவந்து நாச்சிமுத்துவின் கையைப் பிடித்தார், அவர் அதை உதறவில்லை, கையோடு ஜெகநாதனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்த் தன் பழைய கருவிப் பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்தார். முதல் திருகு சுலபமாக வந்தது. இரண்டாவது துருப்பிடித்திருந்தது, மண்ணெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, பொறுத்து, தட்டி, ஆலையில் முப்பத்தோரு வருஷம் செய்ததுபோலச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத் திருகினார். பலகை அவர் கைக்கு வந்தது.

வீடு உண்மையானது. மேற்குச் சுவர் சுரீரென்று சுட்டது, ஏ.சி. உறுமிக்கொண்டு எழுந்தது, மொட்டைமாடியில் நிழல்கள் சுருங்கின, முற்றத்தில் ஒன்பது இடங்களிலும் தண்ணீர் பாதியில் அறுந்தது, மேல் தொட்டி வெறுங்குடத்தைத் தட்டியது போல ஒலித்தது. எல்லாக் குழாய்களும் ஒருமுறை இருமிச் சேற்றுத் தண்ணீரைத் துப்பிவிட்டு அடங்கின. பாதிக் குளியலில், சீயக்காய்த் தண்ணீர் நெற்றியில் வழிய, குழந்தை அழுதது.

நாங்கள் ஒரு வாளி கொடுத்திருக்கலாம். சத்தியமாகக் கொடுக்கத்தான் நினைத்தேன், ஓடிப்போய் என் வீட்டுக் குழாயில் பிடித்தேன், என் மதிலைத் தாண்டியதும் வாளி காலியாக இருந்தது. அறுபது வீட்டுக்காரர்களும் அன்றைக்கு அப்படித்தான் காலி வாளியோடு தெருவில் நின்றோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

அப்போது மாரக்கா இரண்டு குடத்தோடு வந்தாள், ஒன்று தலையில், ஒன்று இடுப்பில். நேற்று ஐந்தரைக்கு எடுத்துப்போன தண்ணீர். கொட்டகைக்காரர்கள் எந்தப் படிவத்திலும் இல்லாததால் அந்தத் தண்ணீரும் எந்தக் கணக்கிலும் இல்லை, அதை யாராலும் திரும்ப வாங்க முடியவில்லை.

"உங்கூட்டுத் தண்ணிதாங்க்கா, வெச்சுக்குங்க," என்று தெய்வானையிடம் சொன்னாள். "உள்ளார போய் ஊத்துங்க, காத்தடிக்குது."

தெய்வானை குழந்தையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனாள். ராஜாமணி காரிலிருந்து இறங்கி, முந்தானையைச் செருகிக்கொண்டு, ஒரு குடத்தைத் தூக்கிப் பின்னாலேயே போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குழந்தை வீறிடுவதும், இரண்டு பாட்டிமார்களும் ஒருவரையொருவர் "மூக்குல படாம ஊத்துங்க" என்று அதட்டுவதும் கேட்டது. நாச்சிமுத்து பலகையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று அதைக் கேட்டார், கேட்டபடியே அழுதார்.

விடிந்ததும் மாரக்காவும் அவரும் கடப்பாரையோடு இறங்கினார்கள். நாலடிக் குழாயைப் பிடுங்கிப்போட்டுவிட்டு, ஆறடி நீளம், ஆறடி அகலம், பத்தடி ஆழம். எத்தனை ஆழங்க என்று இந்தமுறை அவள் கேட்டதற்கு யாரும் சிரிக்கவில்லை. கீழே கருங்கல், மேலே ஜல்லி, கரி, மணல். பலகையைக் குழியின் ஓரத்தில் மண் சரியாமல் முட்டுக் கொடுத்தார், பித்தளை கனமாகத்தான் இருந்தது. வாசலில் எல்லோரும் பார்க்கத் தண்ணீர் லாரி நின்றது, ஒருவன் படமும் எடுத்தான், ஜெகநாதன் மூன்று நாள் வெளியே வரவில்லை. ராஜாமணி கார் கதவைச் சாத்தினாள். "குழி வெட்டி முடியட்டும், பாத்துட்டுப் போறோம்," என்றாள், ஆனால் போவதைப் பற்றி அப்புறம் பேசவேயில்லை.

நாங்கள் யாரும் எங்கள் பலகையைக் கழற்றவில்லை. அவரவருக்கு அவரவர் சிரமம். ஆனால் மாலையில் நடைப்பயிற்சி என்று சொல்லிக்கொண்டு எல்லோரும் அந்தக் குழியோரமாகவே நடந்தோம், ஆழத்தை எட்டிப் பார்த்தோம், பேராசிரியர் தன் கண்ணுக்குத் தெரியாத மாடுகளையும் ஒருநாள் ஓட்டிக்கொண்டு வந்தார்.

ஐப்பசி முதல் மழை ஒரு பகல் பொழுதில் பிடித்தது. கூரையிலிருந்து தண்ணீர் குழாய்க்குள் இறங்கியது, திரும்பி வரவில்லை, கீழே போய்க்கொண்டேயிருந்தது. நாச்சிமுத்து குடையில்லாமல் குழி மூடியில் காதை வைத்துக் குத்தவைத்திருந்தபோது பிரணவ் போனில் வந்தான். பலகை போனது போனதாக இருக்கட்டும், புதிதாக ஒரு படிவம் போட்டு வைக்கலாம், பிற்பாடு உதவும் என்றான்.

"வீட்ல எத்தனை பேர் அங்கிள்?"

நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தார். வராந்தாவில் தெய்வானை, மௌனிகா, ராஜாமணி, டீ குடித்துக்கொண்டு மாரக்கா.

"என்னோட சேத்து இப்பத்திக்கு ஆறு பேருங்க தம்பி. பொழுதோட மாப்ளை வர்றாருங்க, ஏழு."

"பேரெல்லாம் சொல்லுங்க."

"ஒருத்திக்கு இன்னும் பேரு வெக்கிலீங்க. ஆனா ஆளு இருக்கறா."

அந்தப்பக்கம் விசைப்பலகையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "சரி, அதை விடுங்க. குழி கொள்ளளவு எத்தனை லிட்டர்? ஒரு பன்னெண்டாயிரம் போட்டுக்கவா?"

நாச்சிமுத்து மூடியில் மறுபடியும் காதை வைத்தார். உள்ளே தண்ணீர் மணலில் இறங்கிக்கொண்டிருந்தது.

"தெரியலீங்க," என்றார். "நெறையட்டும், சொல்றேன்."